பளுவை எழுப்புவது கைகள் அல்ல



சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையையும் ஸ்ரீபெரும்புதூரையும் கடந்து மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றால், வேலூரின் வாயிலில் சத்துவாச்சாரி வரும். பளு தூக்கும் துறையில் தமிழ்நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த ஊர் அது. அவ்வூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014-ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ எடைப் பிரிவில் தங்கம் வென்றார். ‘ஸ்னாட்ச்’ முறையில் 149 கிலோ, ‘கிளீன் அண்ட் ஜெர்க்’ முறையில் 179 கிலோ, ஆக மொத்தம் 328 கிலோ. 2018-இல் கோல்டு கோஸ்ட் நகரில் மீண்டும் அவருக்கே தங்கம். ஆனால் தூக்கிய மொத்த எடை 317 கிலோதான். இடையில் தேசியப் போட்டி ஒன்றில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது தொடைத் தசையில் காயம்பட்டு, அதனோடுதான் அவர் மேடையேறினார்.

தேசிய அளவில் பளு தூக்கிய தந்தையிடமே சிறு வயது முதல் முறையாகப் பயின்றவர் அவர். அவருக்கே இந்நிலை என்றால், அதே நெடுஞ்சாலையின் இந்தப் பக்கத்தில் வாழும் நம் பிள்ளைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர் ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளில் வேலை செய்வதற்காகத் தென்மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து, ஓர் அறையில் நால்வர், ஐவர் என்று தங்கியிருக்கும் இளைஞர்கள் பல்லாயிரவர். எட்டு மணி நேரம் நின்றபடி ஷிப்ட் முடித்துவிட்டு, அவர்களில் சிலர் உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்கிறார்கள். வீண் பொழுதுபோக்குகளில் மனத்தைப் பறிகொடுக்காமல் உடலைப் பேணும் அப்பிள்ளைகளை நாம் பாராட்டவே வேண்டும். ஆனால் கைப்பேசியில் யாரோ ஒரு வீரர் தரையிலிருந்து கம்பியை மின்னல் வேகத்தில் பறித்துத் தலைக்குமேல் நிறுத்துவதைக் கண்டு, மறுநாளே அதைச் செய்ய முற்படும்போதுதான் வினை தொடங்குகிறது. ஊரிலிருக்கும் உம்மாவுக்கும் தங்கைக்கும் மாதந்தோறும் பணம் அனுப்பும் பிள்ளையின் முதுகு, அவனுக்கு மட்டும் சொந்தமானதன்று.

இழுப்பின் சூட்சுமம்

தரையில் கிடக்கும் கம்பி மேலெழுந்து, வீரர் அதன் அடியில் புகும் வரை ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரு விநாடி. பார்ப்பவருக்கு அது ஒரே இழுப்பு. உண்மையில் அது இரண்டு இழுப்புகள். இரண்டுக்கும் இயல்பு வேறு.

முதலில் நிற்கும் நிலை. பாதங்கள் இடுப்பின் அகலத்தில் இருக்க, கம்பி பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர்மேலே அமைய வேண்டும். கட்டைவிரலைக் கம்பியோடு ஒட்டவைத்து, அதன்மேல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பூட்டுப் போல மடக்க வேண்டும். தொடக்கத்தில் கட்டைவிரல் வலிக்கும்; நாளடைவில் பழகிவிடும். இந்தப் பூட்டு இல்லையேல், வேகமாக இழுக்கும்போது கம்பி விரல்களைத் திறந்துகொண்டு போய்விடும். முதுகு கூனாமல் பலகை போல் இருக்க வேண்டும். தோள்கள் கம்பிக்குச் சற்று முன்னே இருக்க வேண்டும். கைகள் இப்போதைக்கு வெறும் கயிறுகள்.

தரையிலிருந்து முழங்கால் வரையிலான முதல் இழுப்பில் அவசரம் கூடாது. கம்பியை மேலே இழுப்பதாக நினைப்பதைவிட, கால்களால் தரையைக் கீழே தள்ளுவதாக நினைப்பது நல்லது. இடுப்பும் தோளும் ஒருசேர உயர வேண்டும். தொடங்குவோர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். இடுப்பு முந்திக்கொண்டு எழுந்துவிடும். கால்களின் வேலை முடிந்துபோகும். முழுப் பளுவும் கிரேனின் நீண்ட கை போலத் தொங்கும் முதுகின்மேல் விழும். பளு இடுப்பை விட்டு எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுக்கு முதுகெலும்பின் சுமை பெருகும். தண்ணீர்க் குடத்தை நம் வீட்டுப் பெண்கள் கையை நீட்டியா சுமக்கிறார்கள்? இடுப்போடு அணைத்தல்லவா தூக்குகிறார்கள்!

கம்பி முழங்காலைக் கடந்ததும், முழங்கால்கள் சற்றே முன்னே வளைந்து கம்பிக்கடியில் வர, உடல் நிமிர, கம்பி தொடையை ஒட்டி வந்து சேரும். இனிதான் இரண்டாம் இழுப்பு. கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகிய மூன்றும் ஒரே நொடியில், கைகளை மடக்காமல் துள்ளிக் குதிப்பது போல் நிமிர வேண்டும். வெடிக்கும் வேகம் வேண்டியது இங்கே மட்டுமே. அவ்வேகத்தில் கம்பி ஒரு கணம் தானே மேலே செல்கிறது. அந்தக் கணத்தில் வீரர் அதை மேலும் உயர்த்த முயல்வதில்லை. தாம் அதன் கீழே இறங்குகிறார். கையால் இழுப்பவன் கம்பியைத் தூக்கப் பார்க்கிறான். கற்றவன் கம்பிக்கடியில் போய்விடுகிறான்.

5 அடி உயரம்கூட இல்லாத துருக்கிய வீரர் நயீம் சுலைமானோக்லு, 1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் 190 கிலோவை ‘கிளீன் அண்ட் ஜெர்க்’ செய்தார். தம் எடையைப் போல் மும்மடங்குக்கும் மேல்! பருத்த புயங்களால் மட்டும் ஆகக்கூடிய காரியமா இது?

இதைக் கற்கும் வரிசை மேலிருந்து கீழாக அமைவது நல்லது. கையில் ஒரு மூங்கில் கழியோ பிளாஸ்டிக் குழாயோ போதும். முதலில் தொடையிலிருந்து, பிறகு முழங்காலிலிருந்து, கடைசியாகத்தான் தரையிலிருந்து. ஒவ்வொரு படியும் பிசகில்லாமல் வந்த பின்னரே வெறுங்கம்பி. அதற்கும் பின்னரே தட்டுகள். ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று முறைக்கு மேல் வேண்டாம். களைப்பு வந்தால் முதலில் கெடுவது முறைதான். இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கம் கண்ணைச் சுழற்றும் காலையில் இப்பயிற்சியே வேண்டாம்.

தென்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இளவட்டக்கல் தெரிந்திருக்கும். மடியில் ஏற்றி, மார்போடு அணைத்து, தோளுக்குக் கொண்டுபோகும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், முன்பு அதைத் தூக்கிய பெரியவர் ஒருவர் நின்று சொல்லிக்கொடுப்பார். கைப்பேசி நிற்காது. பக்கவாட்டில் வைத்து நம் இழுப்பைப் படம்பிடித்துப் பார்க்க அது நல்ல கண்ணாடி. உஸ்தாதாக அதை ஏற்பதற்கில்லை.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பிள்ளை செல்லும் கூடத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதலாவது, தட்டின் அளவு. போட்டிகளில் பெரிய தட்டின் விட்டம் 450 மில்லிமீட்டர்; ஆகவே கம்பி தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். சிறிய தட்டுகளை மாட்டினால் கம்பி மேலும் தாழ்ந்து கிடக்கும். குனிகின்ற முதுகு கூனிப்போகும். தட்டின் கீழே மரக்கட்டைகளை வைத்து உயர்த்தினால் தீர்ந்தது. இரண்டாவது, பளுவைக் கீழே போட அங்கே இடமுண்டா? ரப்பர்த் தட்டும் உறுதியான மேடையும் இருந்தால், தூக்க முடியாதபோது விட்டுவிட்டு விலகலாம். கடைகளுக்கு மேல் மாடியில் இயங்கும் கூடத்தில் அது இயலாது. அங்கே இவ்வகை இழுப்பைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலியோ மரத்துப்போதலோ கண்டால், சுளுக்கு எடுப்பவரிடம் முதுகைக் கொடுக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ முடியாமற் போனால் அந்த மணியிலேயே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பெண் மக்களுக்கு இது ஆகுமா என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு செய்தி உண்டு. பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கப் பொறியியல் அறிஞர் குல்சூம் அப்துல்லாஹ், கைகால்களை மறைக்கும் உடையும் தலைத்துணியும் அணிந்து போட்டியிட அனுமதி கோரினார். முழங்கையும் முழங்காலும் நேராக நிமிர்ந்தனவா என்று நடுவர்கள் காண வேண்டுமே என்பதுதான் தடையாக இருந்தது. உடலோடு பொருந்திய முழு உடையை அனுமதித்து, 2011-இல் சர்வதேசப் பளுதூக்கும் சம்மேளனம் விதியைத் திருத்தியது. அவ்வாண்டே அவர் அமெரிக்க தேசியப் போட்டியிலும், பாரிஸில் நடந்த உலகப் போட்டியில் பாகிஸ்தான் சார்பிலும் கலந்துகொண்டார்.

பெண்களுக்கான கம்பி வேறு என்பதையும் பலர் அறிவதில்லை. ஆண்களின் கம்பி 20 கிலோ, பிடிக்கும் பகுதியின் பருமன் 28 மில்லிமீட்டர். பெண்களின் கம்பி 15 கிலோ, பருமன் 25 மில்லிமீட்டர். சிறிய உள்ளங்கையைக் கொண்ட பெண்பிள்ளை பருத்த கம்பியில் கட்டைவிரலைப் பூட்டுவது கடினம். மகளைச் சேர்க்கும் கூடத்தில் 15 கிலோக் கம்பி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கட்டணத்தைச் செலுத்துங்கள்.