பாம் ஷெல்டருக்குப் பின்னால் வைஃபை

இரண்டு வருட இன்டர்நெட் காண்ட்ராக்ட் முடிந்து புதுப்பிக்கும்போது, பெரும்பாலும் கூடவே ஒரு புது ரூட்டரும் வந்துவிடும். பழையது ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. தூக்கிப் போட மனம் வராமல் டிவி கேபினட்டுக்குள் தள்ளிவிடுவோம். அதே வீட்டின் கடைசி அறையிலிருந்து ஊருக்கு வீடியோ கால் போட்டால் அம்மாவின் முகம் பாதியில் உறைந்து நிற்கும்.

குற்றம் சுவருடையது. சிங்கப்பூரில் தேக்கா நிலையம் எழுந்த 1980களின் தொடக்கத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பாம் ஷெல்டர் கிடையாது. 1997இல் அதற்கான சட்டம் வந்தது. அதன்பின் கட்டிய வீடுகளில் கம்பி கட்டிய தடித்த கான்கிரீட்டும் இரும்புக் கதவுமாக ஒரு காப்பறை நடுவில் நிற்கிறது. ஃபைபர் பெட்டியோ பல வீடுகளில் வாசலை ஒட்டிய ஹாலில். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தச் சுவரில் சோர்ந்துபோகும். 2.4 சுவர்களைக் கொஞ்சம் நன்றாகவே தாண்டும். ஆனால் அடுக்குமாடியில் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லாமே அதில்தான் முண்டியடிக்கின்றன. அலை நுழையாத இடத்துக்குக் கேபிள் போகும். பழைய ரூட்டருக்கு வேலை அங்கேதான்.

முதலில் அதன் அடாப்டரைத் தேடுங்கள். டிராயரில் கிடக்கும் கறுப்பு அடாப்டர்கள் எல்லாம் ஒரே சாயல். எழுதியிருப்பதோ 5, 9, 12 வோல்ட் என்று வெவ்வேறு. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் வோல்ட் அளவும் அடாப்டரில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை இருந்திருந்தால் அங்கே போய்க் கிளறிப் பார்க்கலாம். அதை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். சிம் லிம் டவர் இருக்கிறது, தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். கதவிடுக்கில் நுழையும் தட்டையான லேன் கேபிளையும் அப்படியே வாங்கிவிடுங்கள்.

இனி ரீசெட் துளையில் ஒரு பின்னை விட்டு அழுத்தி, பழைய ரூட்டரை லேப்டாப்போடு மட்டும் இணையுங்கள். 'ஆக்சஸ் பாயிண்ட்' மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் இரண்டு மாற்றங்கள். புது ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் பழையதற்கு 192.168.1.2 கொடுங்கள். பிறகு அதன் டிஎச்சிபியை அணையுங்கள். போன், டிவிக்கெல்லாம் முகவரி வழங்குவது டிஎச்சிபியின் வேலை. கோயில் அன்னதானத்தில் இரண்டு பேர் தனித்தனியே டோக்கன் கொடுத்தால் ஒரே எண் இருவர் கையில் இருக்கும் அல்லவா, அந்தக் குழப்பம்தான் இங்கேயும் வரும்.

ஆக்சஸ் பாயிண்ட் மோடு இல்லாத இந்த வகையில் கேபிளின் இரு முனைகளும் லேன் துளைகளில்தான் போக வேண்டும். பழைய ரூட்டரின் வான் (WAN) துளை காலியாகவே இருக்கட்டும். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். வான் துளையில் செருகினாலும் இன்டர்நெட் வரும்; ஆனால் வீட்டுக்குள் தனியாக இன்னொரு வலை உருவாகி, ஹாலில் இருக்கும் பிரிண்டர் அறையிலிருக்கும் போனுக்குத் தெரியாமல் போய்விடும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம். 2.4இல் ஒன்றுக்கு சேனல் 1, மற்றதற்கு 6 அல்லது 11. முதல் வாரம் மட்டும் வேறு பெயர் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். போன் எதைப் பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

கேபிளே இழுக்க முடியாதென்றால் ரிப்பீட்டர் மோடு உண்டு. ஒரே ரேடியோ வாங்கவும் கொடுக்கவும் வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கேபிள் இழுத்தாலும், 100 எம்பிபிஎஸ் லேன் துளை கொண்ட மிகப் பழைய பெட்டி அதற்கு மேல் தராது. வீடியோ காலுக்கு அதுவே தாராளம்.

எல்லாப் பெட்டியையும் எழுப்பிவிடக் கூடாது. வீட்டு ரூட்டர்களுக்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பு விதிகள் இங்கே நடைமுறைக்கு வந்தது 2021 ஏப்ரலில். அதற்கு முந்திய பலவற்றில் பயனர் பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். அதை மாற்றிவிடலாம். ஆனால் தயாரிப்பாளர் அப்டேட் தருவதையே நிறுத்திவிட்ட மாடலுக்கு வைத்தியம் குறைவு. சில மாடல்களுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் பொருந்தும். கைப்பழக்கம் உள்ளவர்கள் முயலலாம். மற்றவர்கள் ரீசெட் செய்து, பழைய பாஸ்வேர்டை அழித்து, மின்கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவது நல்லது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேருகிறது. 2021 ஜூலையில் தொடங்கிய சேகரிப்புத் திட்டத்தில் ரூட்டரும் சேர்த்தி. அடாப்டரையும் மறக்காமல் போடுங்கள், டிராயரில் இடமாவது கிடைக்கும்.