13 வோல்ட் விளக்கு

புனே கேம்ப் ராணுவத்தால் உருவான பகுதி. எம்.ஜி. ரோடு, ஈஸ்ட் ஸ்ட்ரீட் பக்கம் போனால் பழைய புல்லட் பைக்குகள் இன்றும் கண்ணில் படும். 1950-களில் திருவொற்றியூரில் அந்த வண்டி தயாராகத் தொடங்கியதே ராணுவத்தின் ஆர்டரை நம்பித்தான். அதன் ஹெட்லைட் மூடியில் சின்னதாக ஒரு ஆம்மீட்டர் இருக்கும். நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஐட்லிங்கில் நின்றால் முள் மைனஸ் பக்கம் சாயும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் பிளஸ்ஸுக்கு வரும். பேட்டரிக்குள் கரண்ட் ஏறுகிறதா, அதிலிருந்து இறங்குகிறதா என்பது அந்த ஒரு முள்ளில் தெரிந்துவிடும்.

சொந்தக் கையால் விமானம் கட்டுகிறவர்களுக்கும் பேட்டரியைப் பற்றி இதே கவலைதான். மும்பை காந்திவிலியில் கேப்டன் அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய 6 இருக்கை விமானம் 2017-ல் பதிவு எண் பெற்றது. ஆலப்புழைக்காரர் அசோக் தாமராக்ஷன், கொரோனா முடக்கக் காலத்தில் இங்கிலாந்தில் 'ஸ்லிங் டிஎஸ்ஐ' என்ற 4 இருக்கை விமானத்தைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டி, மகளின் பெயரில் 'ஜி-டியா' என்று அழைத்தார். இந்த வகை விமானங்களில் பெரும்பாலும் ஒயர் இழுத்தவரே ஓட்டுகிறவரும். புல்லட்டில் ஹெட்லைட் மங்கினால் ஓரங்கட்டலாம். 5,000 அடி உயரத்தில் ஓரம் என்று ஒன்று கிடையாது.

விசித்திரம் என்னவென்றால், இன்ஜின் சுழற்சியிலிருந்து கரண்ட் எடுத்து பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர் செத்துப்போனால் உடனே எதுவும் நடக்காது. தீப்பொறிக்கான கரண்டைத் தானே உண்டாக்கும் மேக்னெட்டோ வைத்த பழைய பாணி இன்ஜினுக்கு பேட்டரியே தேவையில்லை; அது பாட்டுக்கு ஓடும். விளக்கு எரியும், ரேடியோ பேசும். எல்லாவற்றுக்கும் பேட்டரி சத்தமில்லாமல் படியளந்துகொண்டிருக்கும். இறங்கும் நேரத்தில், கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேச பட்டனை அழுத்தும்போது ரேடியோ கூடுதல் கரண்ட் இழுக்கும். அப்போதுதான் குட்டு வெளிப்படும்.

அதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது வோல்ட் கணக்கு. 12 வோல்ட் என்று நாம் சொல்லும் ஈய-அமில பேட்டரி, முழு சார்ஜில் சும்மா இருக்கும்போது 12.6 முதல் 12.8 வரை காட்டும். ஆல்டர்னேட்டர் ஒழுங்காக வேலை செய்தால் அதே ஒயரில் 14-ஐ ஒட்டி நிற்கும். நடுவில் உள்ள இடைவெளியில் நல்ல நிலையிலிருக்கும் எந்த விமானமும் வெகுநேரம் நிற்பதில்லை. அதனால்தான் 13 வோல்ட்டுக்குக் கீழே போனதும் எரியும்படி ஒரு சிவப்பு விளக்கை வைக்கிறார்கள். ஒரே ஒரு மீட்டருக்குத்தான் இடம் என்றால் நான் வோல்ட் மீட்டரைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஆம்மீட்டர் வேலை செய்யும் விதமும் அழகு. தடித்த ஒயரின் வழியில் 'ஷண்ட்' என்ற உலோகப் பட்டையைப் பொருத்துகிறார்கள். அதன் மின்தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 50 ஆம்பியர் பாய்ந்தால் பட்டையின் இரு முனைகளுக்கும் இடையே வெறும் 50 மில்லிவோல்ட் வித்தியாசம். மீட்டர் அளப்பது அந்தத் துளியைத்தான். பட்டையை பேட்டரி ஒயரில் வைத்தால் புல்லட் மாதிரி பிளஸ், மைனஸ் தெரியும். ஆல்டர்னேட்டர் ஒயரில் வைத்தால் அது எவ்வளவு சுமக்கிறது என்பது தெரியும்.

ஸ்லிங் டிஎஸ்ஐ-யில் உள்ள ரோட்டாக்ஸ் 915 இன்ஜினுக்கு மேக்னெட்டோ இன்ஜினின் அந்தச் சலுகை இல்லை. எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர், தீப்பொறி எல்லாமே கரண்டை நம்பித்தான்; கரண்ட் போனால் இன்ஜினே நின்றுவிடும். அதனால் உள்ளேயே இரண்டு ஜெனரேட்டர்கள். ஒன்று இன்ஜினுக்கு மட்டும், மற்றது ரேடியோ, விளக்கு, பேட்டரிக்கு. முதலாவது பழுதானால் இரண்டாவது இன்ஜினைக் காப்பாற்றப் போய்விடும். மற்றதெல்லாம் பேட்டரியின் தலையில் விழும். இரண்டும் போனால் பேட்டரியையே இன்ஜினுக்குத் திருப்பிவிட தனி ஸ்விட்ச் உண்டு.

எடை குறைக்க இப்போது பலர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறுகிறார்கள். அங்கே பழைய கணக்கு உதைக்கிறது. அந்த பேட்டரி சார்ஜ் பெரும்பகுதி தீரும்வரை 13 வோல்ட்டுக்கு மேலேயே பிடிவாதமாக நிற்கக்கூடியது. ஆல்டர்னேட்டர் நின்று வெகுநேரம் ஆனாலும் 13-ல் வைத்த சிவப்பு விளக்கு எரியாது. பேட்டரியை மாற்றும் கையோடு அந்த எல்லையையும் 13.5-க்குப் பக்கத்தில் உயர்த்தியாக வேண்டும்.