ரயிலைச் சுமக்கும் கப்பல், ஐஸில் தொடங்கும் காலை... சிசிலியைத் தெரியுமா?

ரோமில் ரயிலேறி இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போகிறவர்கள் கடலைத் தாண்டும்போதுகூட ரயிலைவிட்டு இறங்க வேண்டியதில்லை, தெரியுமா? குறுக்கே கிடக்கும் மெசினா நீரிணையின் குறுகலான இடம் சுமார் 3 கிலோமீட்டர்தான். ஆனாலும் பாலம் கிடையாது. வில்லா சான் ஜொவான்னி துறைமுகத்தில் ரயில் பெட்டிகளைப் பிரித்து, தண்டவாளம் பதித்த கப்பலுக்குள் அப்படியே ஏற்றிவிடுகிறார்கள்!

மேல்தளத்துக்குப் போனால் அரன்சினி கிடைக்கும். குங்குமப்பூச் சோற்றுக்குள் இறைச்சி வைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. மேற்கே பலெர்மோவில் இது உருண்டை. கிழக்கே கட்டானியாவில் கூம்பு! கேட்டால் எட்னா எரிமலையின் வடிவம் என்பார்கள்.

கோடையில் அங்கே காலை உணவு என்ன தெரியுமா? ஐஸ்! பாதாம், எலுமிச்சை, காபி என்று விதவிதமாக ‘கிரானிட்டா’. கூடவே கொண்டை வைத்த பன். பிய்த்துத் தோய்த்துச் சாப்பிட வேண்டியதுதான். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் ஐஸுக்கு எங்கே போனார்கள்? எட்னாவுக்குத்தான்! 3,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்த மலை உள்ளே கொதிக்கும். குளிர்காலத்தில் உச்சியில் பனி கொட்டும். அதைக் குகைகளிலும் குழிகளிலும் மூடிவைத்து, கோடையில் ஊருக்குள் இறக்கி விற்றார்கள்.

எட்னாவைச் சுற்றி விளையும் ஆரஞ்சை வெட்டினால் உள்ளே ரத்தச் சிவப்பு! பகலில் வெயில், இரவில் நல்ல குளிர். இப்படி மாறி மாறி அடித்தால்தான் ஆந்தோசயனின் என்ற நிறமி பழத்தில் ஊறும்.

பாஸ்தாவை சீனாவிலிருந்து மார்க்கோ போலோ கொண்டுவந்தார் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அவர் பிறந்தது 1254-இல். அதற்கு நூறு ஆண்டு முன்பே, 1154-இல், சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அரபுப் புவியியலாளர் அல் இத்ரிசி எழுதி முடித்த நூலில், பலெர்மோ அருகே திராபியாவில் உலர்ந்த பாஸ்தா செய்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்ததைப் பதிவு செய்திருக்கிறார்!

அரபுகள் 827-இல் படையெடுத்து வந்தார்கள். அவர்கள் ஆட்சியில் எலுமிச்சையும் கரும்பும் இங்கே வேரூன்றின. மேற்குக் கரையில் திராபானியின் பெருமையே இன்றும் கூஸ்கூஸ்தான். ரவையைக் கையால் உதிர்த்து உருட்டி, புட்டு மாதிரி ஆவியில் வேகவைத்து, மேலே மீன்சாறு ஊற்றுகிறார்கள்.

கத்தரிக்காய்க்கும் ஓபராவுக்கும் என்ன சம்பந்தம்? கட்டானியாவில் பிறந்த பெல்லினி இசையமைத்த ‘நார்மா’ ஓபரா 1831-இல் அரங்கேறியது. பொரித்த கத்தரிக்காய், தக்காளி, உப்பிட்டு உலர்த்திய ரிக்கோட்டா பாலாடைக்கட்டி சேர்ந்த அந்த ஊர்ப் பாஸ்தாவுக்குப் பெயர் ‘பாஸ்தா அல்லா நார்மா’!

சாக்லேட் வாயில் நறநறவென்று கடிபட்டால் பழசு என்று நினைக்காதீர்கள்! மோதிகா ஊரில் சர்க்கரை கரையாத அளவுக்கே சூடுகாட்டிச் செய்கிறார்கள்; நறநறப்புதான் அதன் அடையாளம். பலெர்மோவில் இன்னொரு வேடிக்கை. கடையில் அத்தி, பீச், சப்பாத்திக்கள்ளிப் பழம் என்று அடுக்கியிருக்கும். கடித்தால் அத்தனையும் பாதாம் இனிப்பு! மார்த்தோரானா மடத்துக் கன்னிகாஸ்திரீகளின் கைவேலையாகப் பேர் வாங்கியது.

கடைசியாக ஒன்று. எட்னாவின் மேற்குச் சரிவில் பிரோந்தே என்று ஓர் ஊர். எரிமலைக்குழம்பு இறுகிய பாறைகளுக்கு நடுவே, பச்சைப் பசேலென்ற பிஸ்தா விளைகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் அறுவடை. அதுவும் ஒற்றைப்படை ஆண்டில்! செப்டம்பரில் அறுவடையைப் பார்க்க ஆசையா? டிக்கெட் எடுக்கும் முன் காலண்டரில் தேதியை அல்ல, ஆண்டைப் பாருங்கள்!