கிற்றார் கழுத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்

வன்னியில இருக்கிற ஸ்கந்தபுரத்தில இருந்து கதைக்கிறன். இண்டைக்குக் கிற்றாரின்ர கழுத்தை எப்பிடித் துப்புரவாக்கிறது எண்டு பாப்பம்.

இந்தக் கழுத்தைக் கொஞ்சம் கிட்ட வந்து பாருங்கோ. குறுக்க பதிச்சிருக்கிற உலோகப் பட்டியளைத்தான் பிரெட் எண்டுறது; முதலாவது பிரெட்டுக்குப் பக்கத்தில கறுப்பா ஒரு கோடு தெரியுதே? நகத்தால சுரண்டினா மெழுகு மாதிரி உருளுது. கை வேர்வையும் கிரவல் றோட்டுப் புழுதியும் சேர்ந்து இறுகின ஊத்தை.

துடைக்க முதல், பிரெட் பதிச்சிருக்கிற முன்பக்கம் என்ன பலகை எண்டு பாருங்கோ. வெளிர் மஞ்சளா மினுங்கினா அது மேப்பிள். மேல பூச்சு இருக்கும், எண்ணெய் தேவையில்லை. ஈரத்தை நல்லாப் பிழிஞ்ச சீலையால துடைச்சு, உடனயே காய்ஞ்ச சீலையால ஒத்தி எடுங்கோ. ஸ்பிரிட், மண்ணெண்ணெய் பக்கமே போகாதேங்கோ. சில பூச்சை ஸ்பிரிட் கரைச்சுப்போடும்.

மண்ணிறம் எண்டா அனேகமா தோதகத்தி, ரோஸ்வுட் எண்டுறது. நல்ல கறுப்பெண்டா கருங்காலியா இருக்கலாம். கருங்காலி எங்கட வன்னிக் காட்டு மரம். வெளிநாட்டில சிலோன் எபனி எண்டு சொல்லுறது இதைத்தான். உலக்கை செய்யிற மரத்துக்கு என்ன வரப்போகுது எண்டு நினையாதேங்கோ. கிற்றாரில அது சில மில்லிமீற்றர் தடிப்புத்தான், பூச்சும் இல்லை. சோளகக் காத்து அடிக்கிற மாதங்களில பலகை காய்ஞ்சு சுருங்கும், பிரெட் சுருங்காது. அப்ப பிரெட் நுனி வெளியில நீட்டிக் கையைக் கீறும்.

இப்ப வேலையைத் தொடங்குவம். மேசையில துவாயை மடிச்சு வைச்சு, அதில கழுத்தைக் கிடத்துங்கோ. கம்பியளை முதல் தளர்த்திப்போட்டுத்தான் கழட்ட வேணும். எலெக்ரிக் இல்லாத கிற்றாரில இரும்புக் கம்பி ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்குக் கிட்ட இழுக்கும், இறுக்கமா இருக்கேக்க வெட்டினா முகத்தில அடிக்கும். பழைய பிளாஸ்டிக் காட்டின்ர ஓரத்தால ஊத்தையை மெல்லச் சுரண்டுங்கோ. பிரெட் ஓரத்துக்கு மெதுவான பல் பிறஷ் போதும். எலெக்ரிக் கிற்றாருக்கு இரும்புப் பஞ்சு போடாதேங்கோ, தூளெல்லாம் கம்பிக்குக் கீழ இருக்கிற பிக்கப்பின்ர காந்தத்தில போய் ஒட்டும்.

இனி, பூச்சில்லாத பலகைக்கு எண்ணெய். என்ர முதல் கிற்றாருக்கு வீட்டில இருந்த தேங்காய் எண்ணெயைத்தான் பூசினன். கொஞ்ச நாளில எண்ணெய் பழுதாகி மணக்கத் தொடங்கீட்டுது. கம்பிக்கு அடியில பிசுபிசுப்பு, அதில புழுதி ஒட்டிச்சுது. அந்தப் பலகையைத் திருப்பி எடுக்க நான் பட்ட பாடு! அதால சொல்லுறன், சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். கிற்றாருக்கெண்டு விக்கிற லெமன் ஒயிலை வாங்குங்கோ. சீலையில ரெண்டு மூண்டு துளி, அஞ்சு நிமிசம் ஊற விட்டு மிச்சத்தை முழுக்கத் துடையுங்கோ. வருசத்தில ரெண்டு தரம் காணும்.

மாரியில ஈரம் ஏறிக் கழுத்து வளைஞ்சு, கம்பி உயர்ந்து நிக்கலாம். வளைவைச் சரிப்படுத்தக் கழுத்துக்குள்ள ஓடுற ட்ரஸ் ரொட் எண்டுற இரும்புக் கம்பியை அவசரப்பட்டுத் திருகாதேங்கோ. முதல் தரமெண்டா தெரிஞ்ச ஆளைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு கால் சுத்து மட்டும் திருப்பி, ஒரு நாள் விட்டுப் பாருங்கோ.

கிற்றாரைத் தகரக் கூரைக்குக் கீழ சூட்டில தொங்க விடாதேங்கோ. வாசிச்சு முடிஞ்ச கையோட காய்ஞ்ச சீலையால கம்பியையும் கழுத்தின்ர பின்பக்கத்தையும் ஒருக்காத் துடைச்சு, உறையில போட்டு வையுங்கோ.