மடிக்கணினி நித்திரை கொள்ளும்போது நமது வேலை எங்கே இருக்கிறது?



விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. பழைய மடிக்கணினிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. எறிய மனமில்லாமல் அவற்றில் உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் இயங்குதளங்களைப் போட்டுப் பாவிக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அங்கே வரும் ஒரு முறைப்பாடு: "இரவு மூடி வைத்தேன், காலையில் திறந்தால் எழுதியது ஒன்றுமில்லை." போனது சங்கத்தின் ஆண்டுக் கணக்காக இருக்கலாம், அம்மா இருந்திருந்து தட்டச்சிட்ட ஊர் நினைவுகளாகவும் இருக்கலாம்.

முதலில் இரண்டு நிலைகளைப் பிரித்து அறிவோம். 'சஸ்பென்ட்' என்பது நித்திரை. நீங்கள் செய்துகொண்டிருந்த வேலை றாம் என்ற தற்காலிக நினைவகத்திலேயே இருக்கும். அதைத் தக்கவைக்கப் பற்றரி சிறிது மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பற்றரி தீர்ந்தால் சேமிக்காத வேலையும் தீர்ந்தது. 'ஹைபர்னேட்' வேறு. றாமில் உள்ளதை வன்தட்டில் எழுதிவிட்டுக் கணினி முழுமையாக அணைந்துவிடும். பற்றரி தீர்ந்தாலும் பாதகமில்லை.

உங்கள் கணினியின் நித்திரைச் செலவைக் கணக்குப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றி, பற்றரி எத்தனை சதவீதம் என்று குறித்துவிட்டு மூடுங்கள். 4 மணித்தியாலம் கழித்துத் திறந்து பாருங்கள். 80 இருந்தது 76 ஆனால் மணிக்கு 1 சதவீதம், பயமில்லை. 60 ஆனால் மணிக்கு 5 சதவீதம். அப்படியானால் 40 சதவீதத்துடன் இரவு 10 மணிக்கு மூடிய கணினி காலை 6 மணிக்கு முடிந்துவிடும்.

செலவு கூடினால் பயோஸ் அமைப்புக்குள் பாருங்கள். சில திங்க்பேட் கணினிகளில் 'ஸ்லீப் ஸ்டேட்' என்ற தெரிவு உண்டு. அதை 'லினக்ஸ்' என மாற்றினால், றாமைத் தவிர ஏறத்தாழ எல்லாப் பகுதிகளுக்கும் மின்சாரம் நின்றுவிடும். பைக்குள் வைத்த கணினி தானாக எழும்பிச் சூடாகிறதென்றால், கம்பியில்லா மவுஸின் சிறு செருகியைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். மவுஸ் அசைந்தாலே சில கணினிகள் விழித்துவிடும்.

திறந்ததும் திரை கறுப்பாகவே இருந்தால் உடனே அணைத்துவிடாதீர்கள். 'கப்ஸ் லொக்' விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் பெரும்பாலும் கணினிக்கு உயிர் இருக்கிறது. பிழை திரையை இயக்கும் மென்பொருளில் இருக்கலாம். என்விடியா அட்டை உள்ள கணினிகளில் இது அதிகம். இயக்கியைப் புதுப்பியுங்கள். அண்மையில் வந்த புதுப்பித்தலுக்குப் பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியதென்றால், தொடக்கப் பட்டியலில் உள்ள மேலதிகத் தெரிவுகளுக்குள் சென்று பழைய கேர்னலைத் தெரிந்து இயக்கிப் பாருங்கள்.

ஹைபர்னேட் பட்டியலிலேயே இல்லையே என்று கேட்பீர்கள். பல கணினிகளில் அது ஒழுங்காக வேலை செய்யாததால், 2012இல் வந்த 12.04 பதிப்பு முதல் உபுண்டு அதை இயல்பாக நிறுத்தி வைத்திருக்கிறது. அதை இயக்க மூன்று விடயங்கள் தேவை. 'சுவாப்' என்ற ஒதுக்கிடம் குறைந்தது றாமின் அளவுக்கு இருப்பது நல்லது; 8 ஜிபி றாமுக்கு 2 ஜிபி சுவாப் போதாது. அந்த இடம் எங்கே என்று கேர்னலுக்குச் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் கணினி பழையதை மறந்து புதிதாகத் தொடங்கும். 'செக்கியூர் பூட்' இயங்கும்போது உபுண்டு பொதுவாக ஹைபர்னேட்டை அனுமதிக்காது. இவற்றை விடயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்வியுங்கள். பிறகு முக்கியமில்லாத ஓர் ஆவணத்தைத் திறந்து வைத்து நான்கைந்து தடவை பரீட்சித்த பின்னரே நம்புங்கள்.

அதுவரை ஒரே விதி: மூடுமுன் சேமியுங்கள். லிப்ரே ஒஃபிஸில் தானாக மீட்புப் பிரதி எடுக்கும் இடைவெளியை 5 நிமிடமாகக் குறைத்து வையுங்கள். நித்திரை ஒரு வசதி மட்டுமே. அதைச் சேமிப்பு என்று எண்ணிவிடக் கூடாது.