குழந்தையின் உறக்கமும் தூக்க மருந்தும்

தாராவியின் ஓர் அறை வீட்டில் பச்சிளங் குழந்தை நள்ளிரவில் வீறிட்டு அழுதால், சுவருக்கு அப்பால் உள்ள குடும்பமும் விழித்துக்கொள்கிறது. விடியற்காலை ரயிலைப் பிடிக்க வேண்டிய தந்தை புரண்டு படுக்கிறார். மாதுங்காவிலும் செம்பூரிலும் வீடு சற்று விசாலமாக இருக்கலாம். ஆனால் குழந்தையை மடியில் வாங்கிக்கொள்ள வேண்டிய பாட்டி, பல குடும்பங்களில் ஊரிலேயே இருக்கிறாள். இத்தகைய இரவுகளில்தான், ‘எதையேனும் புகட்டித் தூங்க வைத்தால் என்ன?’ என்ற எண்ணம் எழுகிறது.

இவ்வெண்ணத்துக்கு இந்நகரில் ஒரு பழைய சரித்திரம் உண்டு. பம்பாயில் பஞ்சாலைகள் ஓங்கியிருந்த நாட்களில், வேலைக்குச் சென்ற தாய்மார் பலர் ‘பாலகோலி’ என்னும் சிறு மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுச் சென்றனர். அதில் இருந்தது அபினி. 1920-களில் ஆலைத் தொழிலாளப் பெண்களின் நிலையை ஆராய்ந்தவர்கள், இவ்வழக்கம் மிகப் பரவலாக இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். மயங்கிய குழந்தை அழுவதில்லை. ஆனால் அது பசித்துப் பால் கேட்பதும் இல்லை. அளவு மிஞ்சினால் மூச்சே அடங்கிவிடும். அத்தாய்மாரைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. வேலையை விட்டால் உணவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை.

பாலகோலியின் பெயரை இன்று அறிந்தவர் குறைவு. ஆயினும் கசகசாவை அரைத்துப் பாலில் கலப்பதும், வீட்டில் மிஞ்சிய சளி மருந்தில் சில சொட்டு விடுவதும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. கசகசா, அபினிச் செடியின் விதை. அபினியின் சத்து அதில் ஒட்டியிருக்கக் கூடும். தூக்கம் தரும் சளி மருந்துகளோ சிசுவின் மூச்சை மந்தப்படுத்தக் கூடியவை. இரண்டையும் தவிர்த்தல் வேண்டும்.

அப்படியாயின் வழி என்ன? முதலில் குழந்தையின் இயல்பை நாம் அறிந்துகொள்ள வேண்டும். முதல் 3 மாதங்களில் நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரமும், அதன் பின் ஓராண்டு நிறையும் வரை 12 முதல் 16 மணி நேரமும் உறக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வகுத்தது. ஆனால் பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. அதன் வயிறும் சிறியது. ஆதலால் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை பாலுக்கு விழிப்பது இயற்கையே. இரவு பகலைப் பிரித்தறியும் தன்மை, இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகே உடலில் மெல்ல அமைகிறது.

அதற்கு நாம் துணை செய்யலாம். பகலில் குழந்தை வெளிச்சத்தில் இருக்கட்டும். வீட்டின் வழக்கமான ஓசைகளை அடக்க வேண்டியதில்லை. இரவில் விளக்கைத் தணித்து, பால் கொடுக்கும்போதும் பேச்சைக் குறைக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் தந்தைக்குக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச ஆசை இருப்பது நியாயமே. அக்கொஞ்சலைக் காலைக்கு ஒத்திவைத்தால் நன்று. உடம்பைத் துடைத்தல், பால், தாலாட்டு, படுக்கை என்ற வரிசையை நாள்தோறும் மாற்றாமல் செய்து வந்தால், அடுத்து வருவது உறக்கம் என்பதைக் குழந்தை கற்றுக்கொள்ளும். கண் செருகும்போதே படுக்கையில் விட்டால், தானே உறங்கவும் பழகும்.

தூளியைப் பற்றியும் ஒரு சொல். தூளியில் குழந்தையின் உடல் வளைகிறது. முகவாய் மார்பில் அழுந்தினால் மூச்சு தடைப்படக் கூடும். ஆகவே தூளியில் ஆட்டும்போது ஒருவர் விழித்திருந்து கவனிக்க வேண்டும். உறங்கியதும், தலையணையோ கனத்த போர்வையோ இல்லாத சமமான, கெட்டியான விரிப்பில் மல்லாந்து கிடத்துவதே பாதுகாப்பு. அறை ஒன்றே ஆயினும், பெரியவர்களின் நடுவே நெருக்கிப் படுக்க வைக்காமல், தாய்க்கு அருகில் தனி விரிப்பு அமைக்கலாம்.

குழந்தை வழக்கத்துக்கு மாறாக எந்நேரமும் துவண்டு உறங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அன்றைய ஆலைத் தாய்க்குக் கிட்டாத துணையை நம் வீட்டுத் தாய்க்கு நாம் தர முடியும். இரவில் ஒரு முறையேனும் தந்தை எழுந்து குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டால், பகலில் அண்டை வீட்டார் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டால், தாயும் உறங்குவாள். மருந்துச் சீசாவின் பக்கம் அவள் கை போகாது.