ஏரி மட்டமும் மதகுத் திருத்தமும்

கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவிலை அடுத்துள்ள வீராணம் ஏரி, முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அமைக்கப்பெற்றது. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டப்பட்ட கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே இதற்கு நீர் வருகிறது. ஏரியின் முழு நீர்மட்டம் 47.50 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பகுதி வயல்கள் இதனை நம்பியுள்ளன. 2004 முதல் சென்னைக்கும் இங்கிருந்து குடிநீர் செல்கிறது. ஆகவே மதகை அதிகமாகத் திறந்தாலும் குறைவாகத் திறந்தாலும் எவரேனும் இழப்புக்கு உள்ளாவர்.

மதகுக் காவலர் வாய்க்காலின் அளவுக் கல்லைப் பார்க்கிறார். நீர் குறைந்தால் ஷட்டரை உயர்த்துகிறார், மிகுந்தால் இறக்குகிறார். விளைவைக் கண்டு வினையைத் திருத்தும் இம்முறையைப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்பர். அளவுக் கல்லில் ஓர் அங்குலம் குறைந்தால் ஷட்டரை எத்தனை சுற்று திருகுவது? இதனைத் திருத்த விகிதம் என்று சொல்லிக் கொள்வோம். சங்கடமெல்லாம் இதில்தான் இருக்கிறது.

மதகின் வழியே பாயும் நீர், அதன்மேல் நிற்கும் நீரின் உயரத்திற்கு நேர் விகிதமாக அன்று, அவ்வுயரத்தின் வர்க்க மூலத்திற்கு ஏற்பவே மாறும். எடுத்துக்காட்டாக, மதகுக் கண்ணின்மேல் 9 அடி நீர் நிற்கும்போது, 1 அடி நிற்கும்போது பாய்வதைப்போல் 3 மடங்கு நீர் அதே திறப்பில் பாயும். ஏரி தாழ்ந்த காலத்திற்குப் பொருத்தமான திருத்தத்தை ஏரி நிரம்பிய காலத்தில் செய்தால் அது மும்மடங்காகிவிடும். மேலும், திறந்த நீர் கடைமடையை அடையப் பல மணி நேரம் ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து மீண்டும் திருகினால், கடைமடைக்கு ஒரு நாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாக நீர் ஊசலாடும். இதற்குக் காவலரைக் குறை கூறுவது நியாயமன்று. ஒரே விகிதத்தை எக்காலத்திற்கும் வைத்திருப்பதே குறை.

பரிகாரம் எளியது. ஏரி மட்டத்தைப் பல படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் தனித் திருத்த விகிதத்தை அட்டவணையாக எழுதி வைப்பதே அது. உயரமும் வேகமும் மாறுந்தோறும் விமானத்தின் தானியங்கிச் சுக்கானுக்கும் இவ்வாறே விகிதங்களை மாற்றி அமைக்கின்றனர்.

அட்டவணையின் எண்களை எவ்வாறு தேர்வது? கடைமடையின் பற்றாக்குறை, வடிகாலில் வீணாகும் நீர், ஷட்டரைத் திருகும் தடவைகள் ஆகிய மூன்றுக்கும் ‘அபராத மதிப்பெண்’ இடவேண்டும். கரையின் பாதுகாப்பு மீறக்கூடாத எல்லையாகும். பிறகு கணிப்பொறியில் வாய்க்காலின் போக்கை அமைத்து, பல்வேறு எண்களைச் சோதித்து, மொத்த அபராதம் மிகக் குறைவாக உள்ளவற்றைக் கொள்ளலாம். எந்தக் குறைக்கு எவ்வளவு அபராதம் என்பதைப் பொறியாளர் தனித்து முடிவு செய்வது தகாது. பாசனக்காரரையும் கலந்தே செய்யவேண்டும்.

ஓர் எச்சரிக்கை உண்டு. மட்டம் மெல்ல மாறும்வரைதான் இவ்வட்டவணை நம்பத்தக்கது. வடகிழக்குப் பருவமழையில் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் பெருகினால் ஏரி விரைந்து உயரும். அப்போது பாசன அட்டவணையை விடுத்து, வெள்ளியங்கால் ஓடை வழியாகவும் சேத்தியாத்தோப்பு வழியாக வெள்ளாற்றிலும் நீரை வெளியேற்றும் வெள்ள காலத் திட்டத்தைக் கைக்கொள்ள வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மதகு திறந்த மணியையும், தம் ஊர்க் கடைமடையில் நீர் வந்து சேர்ந்த மணியையும் ஏரி மட்டத்துடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வரலாம். அட்டவணை தயாரிப்போர் முதலில் கேட்பது அக்கணக்கையே.